வோர்ட் அளவும் நீரின் உப்புகளும்: வீட்டில் பீர் காய்ச்சுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ். பிபிஎம் என்பதை லிட்டருக்கு மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வோர்ட் என்பது மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறவைத்து வடித்த, ஈஸ்ட் சேர்க்காத இனிப்புச் சாறு. அந்த ஊறல்தான் மாஷ்.

நீரின் உப்பைப் பற்றிக் கேட்க வந்தால் லிட்டரைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?

உப்பின் கணக்கு முழுக்க லிட்டர் கணக்கின் மேல்தான் நிற்கிறது. 0.01 கிராம் காட்டும் தராசில் ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட் உப்பு) அளந்து போட்டுவிட்டு, நீரை வாளிக் கோட்டைப் பார்த்து ஊற்றினால் அந்தத் தராசுக்கு வேலையே இல்லை. நீரின் அளவு 8 சதவீதம் பிசகினால் ஒவ்வொரு அயனியும் அதே 8 சதவீதம் பிசகும். அதோடு ஒப்படர்த்தியும் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரைச் செறிவைக் காட்டுவது), ஹாப்ஸ் பூவின் கசப்பும், கடைசியில் ஆல்கஹாலும் சேர்ந்தே தடம் மாறும்.

கெட்டிலில் (வோர்ட்டைக் கொதிக்கவைக்கும் பாத்திரம்) அளவுக்குறி எப்படிப் போடுவது?

பக்கச் சுவர் நேராக நிற்கும் பாத்திரம் என்றால் ஒரு பெருக்கல் போதும். உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.000785-ஆல் மறுபடி பெருக்குங்கள். 1 செ.மீ. உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 30 செ.மீ. விட்டத்துக்கு 0.71 லிட்டர், 36-க்கு 1.02, 40-க்கு 1.26. அகலமான பாத்திரத்தில் குச்சியை 4 மி.மீ. தவறாகப் படித்தாலே அரை லிட்டர் போய்விடும் என்பதையும் இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒல்லியாக உயர்ந்த கெட்டில் அளப்பதற்கு வசதி.

ஆனால் அடி குழிந்தோ கூம்பாகவோ இருந்தால் முதல் சில லிட்டர்கள் இந்தக் கணக்குக்கு வராது. அப்போது எடை போட்ட நீரை 2 லிட்டர், 2 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் துருப்பிடிக்காத எஃகு அளவுகோலில் உயரம் படித்துப் பட்டியல் போடுவதே வழி. அறை வெப்பநிலையில் 1 கிலோ நீர் என்றால் 1 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 0.2 சதவீதம்தான். பாத்திரம் சமதளத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அளவுகோலை எப்போதும் ஒரே இடத்தில் இறக்குங்கள். அடியில் சல்லடைத் தட்டு இருந்தால் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளப்பது நம்பகமானது.

குளிர்விக்கும் செம்புச் சுருள் உள்ளே இருக்கும்போது படிக்காதீர்கள். 10 மி.மீ. வெளிவிட்டக் குழாய் 10 மீட்டர் மூழ்கியிருந்தால் அது மட்டுமே 0.8 லிட்டர் இடத்தைப் பிடிக்கும்.

கொதிக்கும் வோர்ட்டின் அளவை அப்படியே குறித்துக்கொள்ளலாமா?

கூடாது. நீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 4 சதவீதம் விரிகிறது. 65 டிகிரியில் 1.8 சதவீதம், 75 டிகிரியில் 2.4 சதவீதம். கொதிநிலையில் 26.5 லிட்டர் என்று தெரிவது ஆறியபின் 25.5 லிட்டர்தான். "ஒரு லிட்டர் எங்கே போனது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுவே. சூட்டில் படித்த அளவை 1.04-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் 20 டிகிரி லிட்டரில் எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எஃகு பாத்திரமும் விரியத்தான் செய்கிறது, ஆனால் 0.5 சதவீதத்துக்குள், அதை விட்டுவிடலாம்.

படிக்கும்முன் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். குமிழியும் நுரையும் சேர்ந்து மட்டத்தைத் தூக்கிக் காட்டும்.

கெட்டிலின் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாய் குச்சி அளவோடு ஒத்துப்போவதில்லையே?

குழாய்க்குள் நிற்கும் வோர்ட் வெளிக்காற்றில் ஆறி அடர்த்தி கூடிவிடுகிறது. ஆகவே அதே அழுத்தத்தைத் தாங்க அதற்குக் குறைந்த உயரம் போதும். குழாயின் வாய்க்கு மேல் 35 செ.மீ. கொதிக்கும் வோர்ட் இருந்து, குழாயில் உள்ளது 50 டிகிரிக்கு ஆறியிருந்தால், குழாய் சுமார் 1.1 செ.மீ. குறைவாகக் காட்டும். 40 செ.மீ. விட்டத்தில் அது 1.4 லிட்டர்! இதில் ஒரு வேடிக்கை உண்டு: குழாய் முழுக்க ஆறியிருந்தால் அது காட்டுவது கிட்டத்தட்ட ஆறிய வோர்ட்டின் அளவைத்தான். அதன் மேல் மறுபடியும் 4 சதவீதம் கழிப்பவர்கள் இரண்டு முறை கழித்துவிடுகிறார்கள். அளப்பதற்குமுன் குழாயில் உள்ளதைக் கொஞ்சம் வடித்து மறுபடி கெட்டிலில் ஊற்றினால், புதுச் சூடான வோர்ட் குழாய்க்கு வரும். உடனே படித்து 1.04-ஆல் வகுக்கலாம்.

எடை போட்டு அளப்பது மேலா?

ஆறிய வோர்ட்டுக்கு அதைவிடத் துல்லியமான வழி வீட்டில் கிடையாது. வெறும் ஃபெர்மென்டரின் (ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கும் பாத்திரம்) எடையைக் கழித்து, மீதியை ஒப்படர்த்தியால் வகுங்கள். 21.0 கிலோ, ஒப்படர்த்தி 1.050 என்றால் 20 லிட்டர். பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் அச்சிட்டு வரும் கோடுகளையும் இப்படி ஒருமுறை சோதித்துவிடுங்கள். அவை தள்ளிப் போயிருப்பது சகஜம். சூடான கெட்டிலைத் தூக்கித் தராசில் வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு நீர் வேண்டும்?

பின்னாலிருந்து கூட்டி வாருங்கள். ஃபெர்மென்டரில் வேண்டியது 20 லிட்டர். கெட்டில் அடியில் ஹாப்ஸ், புரத வண்டலோடு நிற்பது 2. ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாவது 3.5. ஐந்து கிலோ மால்ட் குடிப்பது 5. மாஷ் பாத்திரத்தில் குழாய்க்குக் கீழே தங்குவது 1.5. ஆக 32 லிட்டர், எல்லாம் 20 டிகிரி அளவில்.

மால்ட் குடிக்கும் அளவு முறைக்கு முறை மாறும். சல்லடைத் தட்டு மாஷில் கிலோவுக்கு சுமார் 1 லிட்டர். துணிப்பையில் ஊறவைத்துத் தொங்கவிட்டு வடித்தால் 0.6 முதல் 0.8, பையைப் பிழிந்தால் இன்னும் குறையும். மாஷ் பாத்திரம் கொள்ளுமா என்பதற்கு வேறு கணக்கு: கிலோ மால்ட் நீருக்குள் 0.67 லிட்டர் இடம் எடுக்கும். 17 லிட்டர் நீரும் 5 கிலோ மால்ட்டும் சேர்ந்தால் 20.4 லிட்டர் வரும்.

ஆவியாதலைச் சதவீதத்தில் சொல்லலாமா?

மணிக்கு இத்தனை லிட்டர் என்றே சொல்லுங்கள். அது வோர்ட்டின் மேற்பரப்பையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே 15 லிட்டர் இருந்தாலும் 30 லிட்டர் இருந்தாலும் அதே கெட்டில், அதே தீ என்றால் போவது கிட்டத்தட்ட அதே அளவுதான். வெறும் நீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, முன்பும் பின்பும் ஆறிய நிலையில் அளந்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

என் அளவீடு சரியா என்று எப்படித் தெரியும்?

கொதிப்பில் நீர்தான் போகிறது, சர்க்கரை போவதில்லை. ஆகவே லிட்டரையும் ஒப்படர்த்தியின் கடைசி இலக்கங்களையும் பெருக்கினால் வரும் தொகை கொதிப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கவேண்டும். கொதிக்குமுன் 25.5 லிட்டர், 1.045: பெருக்கினால் 1148. கொதித்தபின் 22 லிட்டர் என்றால் 1148-ஐ 22-ஆல் வகுக்க 52 வருகிறது; ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.052 காட்டவேண்டும். 1.056 காட்டினால் ஏதோ ஓர் அளவு தப்பு. முதலில் சந்தேகப்படவேண்டியது லிட்டரை. அடுத்தது மாதிரி எடுத்த விதம்: மாஷை வடித்தபின் மிஞ்சிய சர்க்கரைக்காக மால்ட்டைக் கழுவிய கடைசி மெல்லிய சாறு கெட்டிலின் மேலே தனி அடுக்காக நிற்கும், கலக்காமல் எடுத்தால் ஒப்படர்த்தி குறைவாகத் தெரியும். ஹைட்ரோமீட்டர் மாதிரியை 20 டிகிரிக்கு ஆற்றுங்கள். 60 டிகிரியில் படித்துவிட்டு அட்டவணையால் திருத்துவது நம்பத்தக்கதல்ல.

கடைசியில் செறிவு கூடிவிட்டால்?

கொதிக்கவைத்து ஆற்றிய நீரைச் சேருங்கள். 19 லிட்டர் 1.060-இல் நின்று, வேண்டியது 1.052 என்றால்: 19 × 60 ÷ 52 = 21.9. அதாவது 2.9 லிட்டர் சேர்க்கவேண்டும். செறிவு குறைந்திருந்தால் கொதிப்பை நீட்டுங்கள், ஆனால் கசப்பு ஹாப்ஸ் போடுமுன் அந்த முடிவை எடுங்கள்.

குழாய் நீரில் முதலில் கவனிக்கவேண்டியது?

குளோரின். வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். குளோரினும் குளோரமினும் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும். மருந்துக்கடை, சூடான பிளாஸ்டிக் போன்ற அந்த நெடி மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும், பீரை எத்தனை நாள் வைத்தாலும் போகாது. நீரை முந்தின இரவே திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறக்கும், குளோரமின் பறக்காது. பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட் இரண்டையும் நொடிகளில் முடித்துவிடும். கேம்ப்டன் மாத்திரை என்று விற்பது இதுதான். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்கு. பொடியாக இருந்தால் 20 லிட்டருக்கு 0.15 கிராம். மால்ட்டைக் கழுவும் நீருக்கும் போட மறக்காதீர்கள்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையில் எதைப் பார்ப்பது?

கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், காரத்தன்மை (அமிலத்தை அடக்கும் திறன், பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது). இந்த ஆறும் இருந்தால் போதும். நீரின் பிஎச் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். மாஷை ஆட்டிவைப்பது காரத்தன்மைதான்.

அலகுகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். "கால்சியம் கார்பனேட்டாக" என்று கொடுத்த கால்சியக் கடினத்தன்மையை 0.4-ஆல் பெருக்கினால் கால்சியம் கிடைக்கும். மக்னீசியக் கடினத்தன்மையை 0.243-ஆல். பைகார்பனேட்டை 0.82-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட்டாகக் காரத்தன்மை. சில ஆய்வகங்கள் சல்பேட்டைக் கந்தகமாகக் குறிக்கும். அதை 3-ஆல் பெருக்கவேண்டும். இதைக் கவனிக்காமல் 30 என்று இருப்பதை அப்படியே எடுத்தால் உண்மையில் 90 பிபிஎம் உள்ள நீரில் இன்னும் ஜிப்சம் கொட்டுவீர்கள்.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் இந்த அறிக்கைக்கு மாற்றாகாது. அது மின்கடத்தலை வைத்து மொத்தத்தைச் சொல்கிறது, எந்த உப்பு என்று சொல்லாது. ஆர்.ஓ. சவ்வு இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி.

எஞ்சிய காரத்தன்மை என்றால் என்ன?

நீரின் பைகார்பனேட் மாஷின் பிஎச்சை ஏற்றும். கால்சியமும் மக்னீசியமும் மால்ட்டின் பாஸ்பேட்டுகளோடு வினைபுரிந்து அமிலத்தை விடுவித்து அதை இறக்கும். இரண்டும் மோதியபின் மிஞ்சுவதே எஞ்சிய காரத்தன்மை. ஜெர்மானிய ஆய்வாளர் பால் கோல்பாக் 1953-இல் தந்த சூத்திரத்தை பிபிஎம் அளவில் இப்படி எழுதலாம்: காரத்தன்மையிலிருந்து, கால்சியத்தை 1.4-ஆல் வகுத்ததையும் மக்னீசியத்தை 1.7-ஆல் வகுத்ததையும் கழியுங்கள்.

பைகார்பனேட் 244, கால்சியம் 60, மக்னீசியம் 12 உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். காரத்தன்மை 200. கழிக்கவேண்டியது 43-உம் 7-உம். மிச்சம் 150. எஞ்சிய காரத்தன்மை 178 பிபிஎம் கூடினால் வோர்ட்டின் பிஎச் சுமார் 0.3 ஏறும் என்பது கோல்பாக் கண்ட விகிதம். வெளிர் மால்ட் காய்ச்சிவடித்த நீரிலேயே 5.7 அளவில் நிற்கும். இந்த நீரில் 6-ஐ நெருங்கிவிடும். கருக வறுத்த மால்ட் தானே அமிலம் கொண்டுவருவதால் இதே நீரில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் நன்றாக வரும்.

காரத்தன்மையைக் குறைப்பது எப்படி?

ஆர்.ஓ. நீரைக் கலப்பது எளிது: பாதிக்குப் பாதி கலந்தால் எல்லா எண்ணும் பாதியாகும். அடுத்த வழி அமிலம். 20 லிட்டரில் 100 பிபிஎம் காரத்தன்மையை, பிஎச் 5.4 வரை இறக்கி அடக்க, 88 சதவீத லாக்டிக் அமிலம் சுமார் 3 மி.லி. போதும், 10 சதவீத பாஸ்பாரிக் அமிலம் என்றால் 33 மி.லி. அளவில். லாக்டிக்கை அளவு மீறிப் போட்டால் மோர்ப் புளிப்பு எட்டிப்பார்க்கும். பாஸ்பாரிக் அவ்வளவாகத் தெரியாது.

நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அடியில் படியும் வெள்ளை மாவை விட்டுத் தெளிவை இறுத்தாலும் காரத்தன்மை இறங்கும், ஆனால் கால்சியமும் கூடவே போகும்: காரத்தன்மை 50 குறைந்தால் கால்சியம் 20 குறையும். வீட்டு நீர் மென்மையாக்கி எதற்கும் உதவாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும், காரத்தன்மையை அப்படியே விட்டுவிடும்.

எந்த உப்பு எவ்வளவு தரும்?

10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில், பிபிஎம் அளவில்:

ஜிப்சம்: கால்சியம் 23, சல்பேட் 56
கால்சியம் குளோரைடு (இருநீரேறியது): கால்சியம் 27, குளோரைடு 48
எப்சம் உப்பு: மக்னீசியம் 10, சல்பேட் 39
அயோடின் சேர்க்காத சாப்பாட்டு உப்பு: சோடியம் 39, குளோரைடு 61
சமையல் சோடா: சோடியம் 27, பைகார்பனேட் 73

சுண்ணாம்புக்கல் மாவை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம், அது வெறும் நீரில் கரையாது. மாஷிலும் அரைகுறையாகவே வேலை செய்யும். ஸ்டவுட்டுக்கு பிஎச் ஏற்ற வேண்டுமானால் சமையல் சோடாவே கணிக்கத் தக்கது.

ஆர்.ஓ. நீரில் தொடங்கினால் ஒரு மாதிரிக் கணக்கு?

மேலே சொன்ன 32 லிட்டர். ஹாப்ஸ் தூக்கலான வெளிர் ஏலுக்கு (பேல் ஏல் என்ற பீர் வகை) சல்பேட் 150, குளோரைடு 50 வேண்டும் என்று வைப்போம். ஜிப்சம் 8.6 கிராம், கால்சியம் குளோரைடு 3.3 கிராம். கால்சியம் தானாகவே 91 பிபிஎம் வந்துவிடும். 50 முதல் 150 வரை நல்ல வரம்பு.

கொதிப்பில் 25.5 லிட்டர் 22 ஆகும்போது சல்பேட்டும் குளோரைடும் 16 சதவீதம் செறிவடையும். கொதிப்பை ஒன்றரை மணி நேரம் இழுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

உப்பை எதில் போடுவது?

மாஷுக்கும் கழுவும் நீருக்கும் பிரித்துப் போட்டால், மாஷில் போட்ட கால்சியம் மட்டுமே மாஷின் பிஎச்சை இறக்கும். பிஎச்சும் இறங்கவேண்டுமானால் எல்லாவற்றையும் மாஷிலேயே போட்டுவிடலாம். கழுவும் நீருக்கு வேண்டியது உப்பு அல்ல, அமிலம்: அதன் காரத்தன்மையை அடக்கி, வடியும் சாறு பிஎச் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உமியிலிருந்து டானின் இறங்கி நாக்கை உலர்த்தும் துவர்ப்பு வரும். வடியும் சாறு 1.010-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவதும் அதற்காகத்தான்.

ஜிப்சத்தைக் கொதிநீரில் கொட்டிக் கரையவில்லையே என்று தவிக்கவேண்டாம். லிட்டருக்கு 2.4 கிராம் அளவே கரையும், கொதிநீரில் இன்னும் குறைவாக. குளிர்ந்த நீரில் கலக்குங்கள், அல்லது மால்ட்டோடு சேர்த்துக் கிளறுங்கள்.

கால்சியம் குளோரைடு கட்டிபட்டுவிட்டது. பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எடையை மட்டும் நம்பாதீர்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்திருக்கும். கரைசலாக்கி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்: 20 டிகிரியில் 1.084 காட்டும்வரை நீர் சேர்த்தால் அது எடையில் 10 சதவீதக் கரைசல். அதில் 1 மி.லி.யை 10 லிட்டரில் விட்டால் கால்சியம் 3.9, குளோரைடு 6.9 பிபிஎம். புட்டியில் அடைத்து வைத்தால் அடுத்த முறை தராசே வேண்டாம்.

மாஷ் பிஎச்சை எப்போது, எப்படி அளப்பது?

மால்ட்டைக் கொட்டிக் கிளறி 10 முதல் 15 நிமிடம் கழித்து. ஒரு தேக்கரண்டி சாற்றைச் சிறு எஃகுக் கிண்ணத்தில் எடுத்து, குளிர்நீரில் அமிழ்த்தி 20–25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அந்த வெப்பநிலையில் 5.2 முதல் 5.6 வரை இருக்கவேண்டும். வெளிர் பீருக்கு 5.3 அருகே, கறுப்புக்கு 5.5 அருகே என்பது எங்கள் விருப்பம். 65 டிகிரி மாஷில் நேராக முக்கினால் எண் 0.2 முதல் 0.3 வரை குறைவாக வரும். மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருந்தாலும் இது நீங்காது: அது மின்முனையின் மின்னழுத்தத்தைத் திருத்தும், சூட்டில் அமிலங்கள் கூடுதலாகப் பிரிவதைத் திருத்தாது. சூடு மின்முனையின் ஆயுளையும் தின்னும்.

காய்ச்சும் நாளில் 7.00, 4.01 என்ற இரண்டு திட்டக் கரைசல்களிலும் மீட்டரைச் சரிபாருங்கள். மின்முனையை அதற்கான பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கவேண்டும். காய்ச்சிவடித்த நீரில் வைத்தால் கெட்டுவிடும்.

பிஎச் 5.8 வந்துவிட்டது. நடுவில் திருத்தலாமா?

5 கிலோ மால்ட்டுக்கு பிஎச் 0.1 இறங்க 88 சதவீத லாக்டிக் அமிலம் 1.5 முதல் 2 மி.லி. வேண்டியிருக்கும். கணக்கில் பாதியைப் போட்டு, நன்றாகக் கிளறி, 5 நிமிடம் கழித்து மறுபடி அளந்து மீதியைப் போடுங்கள். மாவுச்சத்து மாற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நடந்துவிடுவதால், 40 நிமிடத்துக்குப் பிறகு திருத்துவது மாஷைவிடக் கெட்டிலுக்கே பயன்படும். எண்ணைக் குறித்துவைத்து அடுத்த முறை நீரிலேயே அமிலத்தைச் சேருங்கள்.

சல்பேட்–குளோரைடு விகிதமும், புகழ்பெற்ற ஊர்களின் நீர் அட்டவணைகளும்?

சல்பேட் கூடினால் கசப்பு உலர்வாக, கூர்மையாகத் தெரியும். குளோரைடு கூடினால் மால்ட்டின் வட்டமான இனிப்பு முன்வரும். விகிதம் மட்டும் ஒன்றும் சொல்லாது. 20-க்கு 10 என்பதும் 300-க்கு 150 என்பதும் ஒரே விகிதம்; முதலாவதில் சுவை மாற்றம் தெரியாது, இரண்டாவதில் உப்பு நீர் வாடை அடிக்கும்.

இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரின் சல்பேட் நிறைந்த நீரையும் செக் நாட்டின் பில்சன் ஊரின் மிக மெல்லிய நீரையும் அச்சு அசலாக உருவாக்குவது வீண் சிரமம். அங்கே காய்ச்சியவர்களும் நீரைக் கொதிக்கவைத்தும் வேறு வழிகளிலும் மாற்றிக்கொண்டார்கள். அட்டவணை காட்டுவது கிணற்று நீரை.

மால்ட் எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சினால் இதெல்லாம் வேண்டுமா?

எக்ஸ்ட்ராக்ட் என்பது ஆலையில் வற்றவைத்த வோர்ட். மாஷ் ஏற்கெனவே அங்கேயே முடிந்துவிட்டது, அந்த நீரின் உப்புகளும் எக்ஸ்ட்ராக்டிலேயே இருக்கின்றன. ஆர்.ஓ. நீரோ உப்புக் குறைந்த நீரோ போதும். பிஎச் திருத்தம் தேவையில்லை. சுவைக்காக ஏதாவது சேர்க்க ஆசைப்பட்டால், முடிந்த பீரின் ஒரு தம்ளரில் ஓரிரு துளி ஜிப்சக் கரைசலும் இன்னொன்றில் கால்சியம் குளோரைடு கரைசலும் விட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு முடிவு செய்யுங்கள்.